டிஏபி கொட்டியும் கத்தரி நகரல, எரு போட்ட பக்கம் மட்டும் எப்படி? (சிப்பி மணல், மணிச்சத்து)

புதுவிவசாயி_பெரியபட்டினம் | 2024 ஆகஸ்ட் 11

அரை ஏக்கர் கத்தரி. அடியுரமா ஒரு மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேந்த உரம்), முப்பதாம் நாள் இன்னொரு மூட்டை. ஆட்டு எரு ஒரு டிப்பர்தான் கிடைச்சுச்சு, அத கிழக்குப் பக்கம் மட்டும் போட்டேன். இப்ப கிழக்க செடி இடுப்பு உசரம், மேற்க முழங்காலத் தாண்டல. டிஏபி ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான். மண்வள அட்டையில மணிச்சத்து (பாஸ்பரஸ்) "அதிகம்"னு போட்டிருக்கு. கடையில இன்னொரு மூட்டை போடச் சொல்றாங்க. மாமா எரு மட்டும் போதும், உரமே விஷம்ங்கிறாரு. நான் சவூதியில ஏசி மெக்கானிக்கா இருந்துட்டு வந்தவன், எனக்கு ரெண்டுமே புரியல. யாரு சொல்றத கேக்க?

ஊத்துக்காரன் | 2024 ஆகஸ்ட் 11, ராத்திரி

ரெண்டு பேரு சொல்றதையும் கேக்காத. மொதல்ல கணக்கப் பாரு. டிஏபி மூட்டை 50 கிலோ, அதுல மணிச்சத்து 46 சதவீதம், அதாவது 23 கிலோ. ரெண்டு மூட்டைன்னா 46 கிலோ. ரகக் கத்தரிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற அளவு ஹெக்டேருக்கு 50 கிலோ, உன் அரை ஏக்கருக்கு 10 கிலோ வரும். நாலரை மடங்குக்கு மேல போட்டுட்டு நிக்கிற. அதுக்கு மேல இன்னொரு மூட்டையா? 1350 ரூவாய எனக்கு அனுப்பு, நான் நல்லா டீ குடிப்பேன்.

உன் மண்ணு எங்க மண்ணு மாதிரிதான் இருக்கும், பெரியபட்டினத்துல இருந்து உச்சிப்புளி வரைக்கும் கடலோரம் முழுக்க சிப்பித்தூள் கலந்த மணல். கைப்பிடி எடுத்து எலுமிச்சை பிழிஞ்சு பாரு, நுரைச்சா அம்புட்டும் சுண்ணாம்பு. இந்த மண்ணுல பிஎச் (புளிப்பா காரமான்னு காட்டுற அளவு, ஏழு நடு) எட்டுக்குப் பக்கத்துலயோ மேலயோ நிக்கும். டிஏபி கரைஞ்சு வெளிய வந்த மணிச்சத்து சுண்ணாம்போட சேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா கெட்டியாகுது, நாளாக நாளாக வேரால கரைக்க முடியாத உப்பா மாறிடுது. வட்டிக்கடையில வச்ச நகை மாதிரி, உன்னுதுதான், ஆனா கழுத்துல போட முடியாது. போட்ட வருசத்துல பயிரு எடுக்குறது பொதுவா நூத்துக்கு பத்துல இருந்து இருபத்தஞ்சுதான், எங்க மணல்ல அதுவும் கம்மிப் பக்கம்தான்னு வச்சுக்க.

இதுல இன்னொன்னு. தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணியோட ஓடி வேர்கிட்ட வரும். மணிச்சத்து அப்படி வராது, விழுந்த எடத்துல இருந்து சில மில்லிமீட்டர்தான் நகரும். வேருதான் அதத் தேடிப் போவணும். நீ முப்பதாம் நாள் மேல தூவின ரெண்டாவது மூட்டையில இருந்து செடிக்குக் கிடைச்சது பெரும்பாலும் தழைச்சத்துதான். அதுக்கு யூரியாவே போட்டிருக்கலாம், காசும் கொஞ்சம்.

ஊத்துக்காரன் | 2024 ஆகஸ்ட் 12

எரு என்ன பண்ணுச்சுன்னு நேத்து விட்டுட்டேன், கரண்ட் போயிருச்சு.

எரு மக்குறப்ப கரியமில வாயு வரும், அது மண்ணு ஈரத்துல கலந்து லேசா புளிப்பாகும். கூடவே சிட்ரிக், ஆக்ஸாலிக்னு சில அமிலங்க. இதுங்க சுண்ணாம்பப் புடிச்சு வச்சுக்கும், சிப்பித்தூள் மேல ஒரு பூச்சு மாதிரி படிஞ்சு மணிச்சத்து ஒட்டாமத் தடுக்கும். நுண்ணுயிருங்க கொஞ்சத்தத் தன் ஒடம்புல எடுத்து வச்சுக்கிட்டு செத்த பிறகு மெதுவா விடும். அதனால டிஏபிய எரு காப்பாத்துதுன்னு சொல்லலாம். எருவுலயே மணிச்சத்தும் இருக்கு. மாட்டெருவுல 0.2 சதவீதம், ஆட்டெருவுல 1 சதவீதம்னு கணக்கு. ரெண்டு டன் ஆட்டெரு போட்டா 20 கிலோ மணிச்சத்து, ஒரு ஏக்கர் கத்தரிக்கு சொல்ற அளவே அம்புட்டுதான்.

அதுக்காக மாமா ஜெயிச்சுட்டாருன்னு விசில் அடிக்காத. அந்த 20 கிலோவும் ஒரே நாள்ல வராது. நாத்து நட்டு மொத மூணு நாலு வாரம் வேர் சின்னது, அப்பதான் மணிச்சத்து கண்டிப்பா வேணும், அப்ப எரு மட்டும் போட்ட பாத்தி கொஞ்சம் சோம்பும். அந்த எடத்துலதான் கொஞ்சூண்டு உரம் வேலை செய்யுது. கொஞ்சூண்டு.

கமுதி_கரிசல் | 2024 ஆகஸ்ட் 12

அண்ணே, அப்ப அட்டையில "அதிகம்"னு போட்டது பொய்யா?

ஊத்துக்காரன் | 2024 ஆகஸ்ட் 12

பொய் இல்ல. சுண்ணாம்பு மண்ணுக்கு ஓல்சன் முறைதான் சரி, சோடியம் பைகார்பனேட் கரைசல்ல ஆட்டி எடுப்பாங்க. ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ குறைவு, 22க்கு மேல அதிகம். ஆனா அது ஆய்வகத்துல காஞ்ச மண்ண கரைசல்ல போட்டு நல்லா ஆட்டுன கணக்கு. தோட்டத்துல வேர் போற எடத்துல ஈரம் இல்லேன்னா அந்த "அதிகம்" அங்கயே கிடக்கும். அட்டையில அதிகம்னு வந்தா இன்னும் வாங்கிப் போடாதன்னு அர்த்தம், செடி பசியில்லாம இருக்குன்னு அர்த்தமில்ல.

ஊத்துக்காரன் | 2024 ஆகஸ்ட் 14

ரெண்டு நாளா யோசிச்சேன். நம்ம தம்பி கிழக்குப் பக்கத்து வளர்ச்சிய முழுசா மணிச்சத்துக் கணக்குல எழுதுறது நியாயமில்ல. ஆட்டெருவுல தழைச்சத்து 3 சதவீதம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) 2 சதவீதம் இருக்கு. அதவிட முக்கியம், மணல்ல எரு விழுந்தா தண்ணி நிக்கும். காலைல ஊத்துன தண்ணி மத்தியானத்துக்குள்ள பாதாளத்துக்குப் போற மண்ணுல, ஈரம் இன்னும் ஒரு நேரம் கூட நின்னாலே செடி முகமே மாறிடும். ஈரம் நின்னாத்தான் மணிச்சத்து அந்த நாலு மில்லிமீட்டராச்சும் நகரும். எல்லாம் பின்னிக்கிட்டுக் கிடக்கு.

பிரிச்சுப் பாக்கணும்னா அடுத்த நடவுல நாலு சின்னப் பாத்தி ஒதுக்கு. ஒண்ணு சும்மா. ஒண்ணு எரு மட்டும். ஒண்ணு மணிச்சத்து உரம் மட்டும். ஒண்ணு ரெண்டும். யூரியாவும் பொட்டாஷும் தண்ணியும் நாலுக்கும் ஒரே மாதிரி. வரிசையா போடாம கலைச்சுப் போடு, ஏன்னா உன் கொல்லையில ஒரு ஓரம் பனைமர நிழலு, ஒரு ஓரம் உப்பு, ஏதாவது இருக்கும்.

கீழக்கரை_மாடித்தோட்டம் | 2024 ஆகஸ்ட் 15

எங்க வூட்டு மாடியில தொட்டிதான். தென்னை நார்க்கழிவு, எலும்புத்தூள், மீன் அமிலம் எல்லாம் போடுறேன். தக்காளி நாத்து இலைக்கு அடியில ஊதாவா இருக்கு. மணிச்சத்து பத்தலையா தம்பி?

ஊத்துக்காரன் | 2024 ஆகஸ்ட் 15

லாத்தா, ஊதான்னா அதுக்குத்தான் சந்தேகப்படணும். நார்க்கழிவு மக்க வச்சதா, அப்படியே கட்டி ஒடைச்சுப் போட்டதா? மக்காததுல கார்பன் ரொம்ப, அத தின்ன வர்ற நுண்ணுயிரு தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடிக்கு முன்னாடியே அள்ளிக்கும். கார்பன் மணிச்சத்தப் போல முன்னூறு மடங்குக்கு மேல இருந்தா பூட்டிக்கும், இருநூறுக்குக் கீழ இருந்தாத்தான் வெளிய விடும். மக்குன ஆட்டெரு ரெண்டு கைப்பிடி கலந்துட்டு ஒரு வாரம் பாருங்க. மீன் அமிலத்துல தழைச்சத்துதான் முக்கியம், மணிச்சத்த அதுல எதிர்பாக்காதீங்க. எலும்புத்தூள் பத்தி எழுத நிறைய இருக்கு, பிறகு வர்றேன்.

ஊத்துக்காரன் | 2024 ஆகஸ்ட் 21

எலும்பு.

எங்க பக்கம் சங்காயம்னு ஒண்ணு. விசைப்படகு வலையில விழுற பொடி மீனு, யாரும் கறிக்கு வாங்காதது, கடக்கரையில காய வச்சு கோழித் தீவனத்துக்குப் போகும். அதுல மிச்சம் மீதி, கருவாட்டுக் கொட்டகையில கழிச்ச தலை, முள்ளு, இதெல்லாம் தென்னைக்கும் மல்லிகைக்கும் போடுறது பழக்கம். "மீன்ல மணிச்சத்து மூணுல இருந்து ஒம்போது சதவீதம் இருக்கு, எதுக்கு உரம்?"னு போன வருசம் கல்யாண வீட்டுல ஒருத்தரு பந்தியிலயே சண்டைக்கு வந்தாரு. இருக்கு, மறுக்கல. ஆனா அதுல பெரும் பங்கு முள்ளுலயும் எலும்புலயும் சுண்ணாம்போட சேர்ந்து கிடக்கு. புளிச்ச மண்ணுல (அமில மண்ணுல) எலும்பு கரையும். சிப்பி மணல்ல கரையணும்னா காலம் வேணும்.

இது நம்ம ஊரு சிக்கல் மட்டும் இல்ல. இங்கிலாந்துல ஜான் லாஸ்னு ஒரு பண்ணைக்காரரு, எலும்புத்தூள் சில மண்ணுல வேலையே செய்யலன்னு பாத்துட்டு அதுல கந்தக அமிலத்த ஊத்திக் கரைய வச்சாரு, 1842ல அதுக்குக் காப்புரிமை வாங்குனாரு. சூப்பர் பாஸ்பேட் வந்த கதை அதுதான். எலும்ப சுண்ணாம்பு மண்ணு லேசுல கரைக்காது, அமிலம் கரைக்கும். நம்மகிட்ட கந்தக அமிலம் இல்ல, எரு இருக்கு. மீனு கழிவ நேரா பாத்தியில புதைக்காம எருவோட சேத்து மக்க வச்சு போட்டா கொஞ்சமாச்சும் கரையும். நாயும் தோண்டாது.

அதே காரணத்துக்காகத்தான் ராக் பாஸ்பேட் (பாஸ்பேட் பாறையப் பொடிச்ச தூள்) இங்க வேணாம். "இயற்கை மணிச்சத்து"ன்னு சொல்லி விப்பாங்க. புளிச்ச மண்ணுக்காரங்க போடட்டும்.

அடுப்புச் சாம்பலும் கரிமூட்டத்துல மிஞ்சுன சாம்பலும் அப்படித்தான். சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுற ஊருல சாம்பலுக்குப் பஞ்சமில்ல, ஆனா அது காரம், ஏற்கனவே எட்டுல நிக்கிற மண்ண இன்னும் மேல தூக்கும்.

கமுதி_கரிசல் | 2024 ஆகஸ்ட் 22

நீங்க எல்லாம் மணல்காரங்க. நாங்க கரிசல்ல மானாவாரி முண்டு மிளகாய். 2023ல புவிசார் குறியீடு வாங்குன மிளகாய், சும்மா இல்ல. தண்ணி வானத்துல இருந்து வந்தாத்தான். எங்களுக்கு என்ன சொல்றீங்க?

ஊத்துக்காரன் | 2024 ஆகஸ்ட் 22

குறியீடு வந்ததுக்கு நீங்க இன்னும் விருந்து வைக்கலங்கிறத இங்க பதிவு பண்ணிக்கிறேன் மாப்ள.

கரிசல்ல எருவுக்கு வேலை வேற. அங்க களிமண்ணு, தண்ணி நிக்கும், ஆனா மேல்மண்ணு ரெண்டு வெயில்ல காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுரும். நீங்க புரட்டாசியில மேல தூவுற காம்ப்ளக்ஸ் உரம் அந்தக் காஞ்ச மேல்மண்ணுல மாட்டிக்கும், வேரு கீழ ஈரத்துல இருக்கும். ரெண்டுக்கும் சந்திப்பே இல்ல. அதனால எம்புட்டுன்னு கேக்குறதுக்கு முன்னாடி எம்புட்டு ஆழம்னு கேக்கணும். கடைசி உழவுல எருவும் சூப்பர் பாஸ்பேட்டும் கலந்து சால்ல போட்டு மூடிட்டு அதுமேல விதைச்சா மழை தள்ளிப் போனாலும் வேர் அதத் தொட்டுரும். கண்மாய் வண்டல் எடுக்க அனுமதி கிடைச்சா விடாதீங்க.

அளவுன்னா, ரக மிளகாய்க்கு ஹெக்டேருக்கு 60 கிலோ மணிச்சத்து, கூட 25 டன் தொழு எருன்னு பரிந்துரை. 25 டன் எவன் போடுறான்? அது முழுசா போட்டா எருவுலயே 50 கிலோ மணிச்சத்து வந்துரும், கணக்குப் போட்டுப் பாருங்க. நாம போடுறது அதுல நாலுல ஒரு பங்கு, சில வருசம் அதுவும் இல்ல. அதனால மீதிக்கு உரம் வேண்டியிருக்கு.

கமுதி_கரிசல் | 2024 ஆகஸ்ட் 23

விருந்து பொங்கலுக்கு. கிடை போட்டா, அதான் ஆட்டு மந்தைய ராத்திரி காட்டுலயே படுக்க வச்சா, கணக்கு எப்படி?

ஊத்துக்காரன் | 2024 ஆகஸ்ட் 23

கிடைக்குக் கணக்கு மந்தைக்காரரு கீதாரிதான் சொல்லணும், அதுவும் அவரு சொல்றது ஆட்டு எண்ணிக்கை, நாம பாக்குறது வேற எண்ணிக்கை, நடுவுல ஒரு எண்ணிக்கையில பேரம் முடியும். சோறு நம்ம செலவு.

வண்டியில வாங்குற எருவ விட கிடை ஒசத்தின்னு சொல்றதுல விசயம் இருக்கு. மூத்திரம் நேரா மண்ணுல இறங்குது, தழைச்சத்தும் சாம்பல் சத்தும் அதுலதான் நிறைய. மணிச்சத்து மட்டும் புழுக்கையில. அதனால கிடை போட்டு மூணு மாசம் வெயில்ல அப்படியே விட்டா புழுக்கை காஞ்சு பாறையா கிடக்கும், மக்காது. கிடை எழுந்த ஒடனே ஒரு சால் ஓட்டி மூடிரணும். எங்க அப்பா காலத்துல ஆடி மாசம் கிடை எழும்புன மறுநாளே ஏரு பூட்டிருவாங்க, ஏன்னு கேட்டா "நாத்தம் போறதுக்குள்ள"ம்பாங்க. நாத்தம்ங்கிறது அமோனியா, அது போச்சுன்னா காசு போச்சு. இப்ப டிராக்டர் கிடைக்கிறப்பதான் உழவு.

புதுவிவசாயி_பெரியபட்டினம் | 2024 செப்டம்பர் 29

நாத்து நட்டாச்சு அண்ணே. நாலு பாத்தி ஒதுக்கியிருக்கேன். பக்கத்துல அதே மாதிரி வெண்டையும் தண்டுக்கீரையும் சின்னதா நாலு நாலு. டிஏபி எந்தக் கடையிலயும் இல்ல. என்ன செய்ய?

ஊத்துக்காரன் | 2024 செப்டம்பர் 29

கீரை வரைக்கும் போயிட்டியா, ஏசி மெக்கானிக்கு ஆராய்ச்சியாளராயிட்டாரு.

டிஏபி தட்டுப்பாடு நாடு முழுக்க. நல்லதாப் போச்சுன்னுதான் சொல்வேன். சூப்பர் வாங்கு. மூட்டைக்கு மணிச்சத்து 8 கிலோதான், மூணு மூட்டை சூப்பரும் 20 கிலோ யூரியாவும் சேந்தா ஒரு டிஏபி. தூக்குறது கஷ்டம், அம்புட்டுதான். மணிச்சத்து கிடைக்குறதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனா சூப்பர்ல 11 சதவீதம் கந்தகம் இருக்கு, மணல்ல அது எப்பவும் குறைச்சல். சுண்ணாம்புச் சத்தும் இருக்கு, நமக்கு அது வேணாம், கடலே கொடுத்துருச்சு. டிஏபி கரையுறப்ப சுத்தி காரமாகும், அதுல உள்ள தழைச்சத்து கொஞ்சம் நம்ம மண்ணுல அமோனியாவா பறக்கும். மேல தூவுனா இன்னும்.

செறிவூட்டுன தொழு உரம் இப்படிச் செய். ஒரு ஏக்கருக்கு நல்லா மக்குன எரு 300 கிலோ, சூப்பர் ரெண்டரை மூட்டை. நிழல்ல கலந்து புட்டு பதத்துக்குத் தண்ணி தெளிச்சு குவிச்சு, மேல மண்ணு பூசியோ தார்ப்பாய் போட்டோ ஒரு மாசம் மூடி வைக்கணும். மணிச்சத்து எருவோட பிணைஞ்சுரும், சிப்பி மேல நேரா விழாது. எருவுல இருந்து பறக்குற அமோனியாவ சூப்பர்ல உள்ள ஜிப்சம் பிடிச்சு வைக்கும். நடுறப்ப குழிக்குக் குழி கைப்பிடி. உனக்கு இப்ப நேரமில்ல, எருவையும் சூப்பரையும் அப்படியே கலந்து குழியில வை, அடுத்த வாட்டி முறையா செய்.

பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தக் கரைக்குற நுண்ணுயிரு) பாக்கெட்ட சூப்பரோட கலக்காத, எருவோட கலந்து தனியா போடு.

கீழக்கரை_மாடித்தோட்டம் | 2024 அக்டோபர் 6

ஊதா போயிருச்சு தம்பி. ஆட்டெரு வாடைக்குப் பக்கத்து வூட்டுல பேச்சு வார்த்தை இல்ல.

ஊத்துக்காரன் | 2024 நவம்பர் 21

எல்லாரும் பத்திரமா? நேத்து ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எல்லாம் தண்ணி. மாவட்டத்துக்கு வருசம் முழுக்க பெய்யுறது கிட்டத்தட்ட 82 சென்டிமீட்டர், அதுல பாதி ஒரு நாள்ல ஒரு ஊருல. எங்க ஊத்து எங்க, பாத்தி எங்கன்னு தெரியல.

தண்ணி வடிஞ்ச பிறகு செடி வெளுத்தா மணிச்சத்துன்னு நினைச்சு ஓடாதீங்க. ஓடுனது தழைச்சத்து, மணல்ல நைட்ரேட் நிக்காது. பொட்டாஷும் கொஞ்சம் போயிருக்கும். மணிச்சத்து இருந்த எடத்துலயேதான் இருக்கும், எரு அடிச்சுட்டுப் போகாம இருந்தா. மேலாக்க தூவுன புழுக்கை மிதந்து வரப்புல ஒதுங்கியிருக்கும், அள்ளி மறுபடி மூடுங்க. கொஞ்சம் யூரியா கரைச்சு விடுங்க, ஒரேயடியா வேணாம்.

ஒரு நல்லது, உப்பு கழுவிப் போயிருக்கும்.

புதுவிவசாயி_பெரியபட்டினம் | 2024 டிசம்பர் 15

பாத்தி தப்பிச்சுச்சு அண்ணே, ஒரு மூலை மட்டும் போச்சு. கத்தரி: எருவும் சூப்பரும் சேந்த பாத்தி மொதல்ல பூத்து மொதல்ல காய்ச்சுச்சு. எரு மட்டும் போட்டது ரெண்டு வாரம் போல பின்தங்கி வந்து, இப்ப கிட்டத்தட்ட சமம். சூப்பர் மட்டும் போட்டது ஆரம்பத்துல எருவ விட நல்லா இருந்து, மழைக்குப் பிறகு நின்னு போச்சு. சும்மா விட்டது சும்மாதான். வெண்டையில எரு போட்ட ரெண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியல. கீரைக்கு எரு போதும், சூப்பர் போட்டதுல ஒண்ணும் கூடல.

ஊத்துக்காரன் | 2024 டிசம்பர் 15

இதத்தான் கேக்கணும்னு இருந்தேன். கத்தரியில சேத்துப் போட்டதோட லாபம் மொத்த எடையில கம்மி, முந்துறதுலதான் இருக்கு. மார்கழி கடைசியில கத்தரிக்கு என்ன விலைன்னு சந்தையில கேட்டுக்க, பொங்கலுக்கு முன்னாடி பறிக்குறவனுக்கும் பின்னாடி பறிக்குறவனுக்கும் நடுவுல இருக்குற ரெண்டு வாரத்துக்கு எம்புட்டு மதிப்புன்னு தெரியும்.

வெண்டை நேரா விதைச்சது, ஆணிவேர் ஒடையாம இறங்குது. கத்தரி பறிச்சு நட்டது, வேர் அறுந்து திரும்ப வரணும். அதுதான் காரணமா இருக்கணும்ங்கிறது என் நினைப்பு. கீரை முப்பது நாள் பயிரு, அதுக்குத் தழைதான் வேணும். சின்ன வெங்காயம் வச்சுப் பாத்தா இன்னும் தெளிவாத் தெரியும், வேர் குட்டை, வேர்த்தூவி கம்மி, மணிச்சத்துக்கு ஏங்குற பயிரு அது.

கோயமுத்தூர்ல 1909ல இருந்து ஒரே நிலத்துல எரு, உரம், ரெண்டும்னு பிரிச்சுப் போட்டுப் பாத்துக்கிட்டு வர்றாங்க, நிரந்தர உர ஆய்வு வயல்னு பேரு. நீ பெரியபட்டினம் கிளை ஆரம்பிச்சுட்ட.

புதுவிவசாயி_பெரியபட்டினம் | 2025 ஜனவரி 8

மாமாவுக்கு இப்ப நம்பிக்கை வந்து, நாமக்கல்ல இருந்து கோழி எரு லாரியில எறக்கலாம்ங்கிறாரு. "எரு நல்லதுன்னா நிறைய நல்லதுதானே"ங்கிறாரு.

ஊத்துக்காரன் | 2025 ஜனவரி 8

மாமாவப் பிடிச்சுக் கட்டிப் போடு.

கோழி எருவுல தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து 2.6. கத்தரி கேக்குறது ஹெக்டேருக்கு தழைச்சத்து 100 கிலோ, மணிச்சத்து 50 கிலோ. தழைச்சத்து 100 வர்ற அளவுக்குக் கோழி எரு போட்டா மணிச்சத்து 87 வந்துரும். ஒரு வருசம் பரவால்ல, வருசா வருசம் போட்டா மண்ணுல மணிச்சத்து ஏறிக்கிட்டே போகும். ஏறுனா துத்தநாகத்தையும் இரும்பையும் செடி எடுக்க விடாது. எங்க தெருவுல ஒரு மிளகாக் காடு அப்படிப் பாத்துருக்கேன், குருத்து இலை சிறுத்து, நரம்பு பச்சை நடுவுல மஞ்சள், அவரு வைரஸ்னு நினைச்சு மருந்து மேல மருந்தா அடிச்சாரு. நம்ம சிப்பி மணல்ல இரும்பும் துத்தநாகமும் ஏற்கனவே கம்மி. நான் ஆகஸ்ட்டுல ஒனக்குச் சொன்ன "இன்னும் வாங்கிப் போடாத" எருவுக்கும் பொருந்தும்னு அப்பவே எழுதியிருக்கணும்.

ஜிங்க் சல்பேட் போடுறதா இருந்தா ஏக்கருக்கு 10 கிலோ, சூப்பரோட கலக்காத, ரெண்டும் சேந்து ஒண்ணையொண்ணு கெடுக்கும், மணலோட கலந்து தனியாத் தூவு. நின்ன பயிருல குறை தெரிஞ்சா லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், இலை கருகாம இருக்க அதுல பாதி சுண்ணாம்பு, தெளிக்கலாம்.

கோழி எருவுல உப்பும் உண்டு. மழையில கழுவுன உப்ப லாரி வச்சு திரும்பக் கொண்டு வர்றாரு மாமா.

கமுதி_கரிசல் | 2025 ஜனவரி 17

சால்ல போட்டு மூடுனது வேலை செஞ்சிருக்கு. பக்கத்துக் காடு வாடுறப்ப நம்மது நின்னுச்சு. முழுசா அதனாலன்னு சொல்ல மாட்டேன், எங்க பக்கம் ரெண்டு மழை கூட. விருந்து வைக்கலன்னு திட்டாதீங்க, மிளகா அனுப்புறேன்.

ஊத்துக்காரன் | 2025 ஜனவரி 18

மிளகா வந்துருச்சு. மனைவி மத்த பேச்ச எல்லாம் மன்னிச்சுட்டா.

கரை ஒதுங்குற பாசி பத்தி ஒருத்தரு தனியாக் கேட்டாரு, இங்கயே சொல்லிடுறேன். அதுல சாம்பல் சத்து நிறைய, மணிச்சத்து ரொம்பக் கம்மி. மழையில நனைய விட்டு உப்பு இறங்குன பிறகு எருக்குப்பையில கலக்கலாம். எருவுக்குப் பதிலா ஆகாது.

புதுவிவசாயி_பெரியபட்டினம் | 2025 பிப்ரவரி 20

கோழி லாரி ரத்து. மாமா கிடைக்குப் பேசியிருக்காரு, சித்திரையில வர்றாங்க. மண்ணு திரும்ப டெஸ்ட் எடுக்கணும்ல, எப்ப எடுக்க?

ஊத்துக்காரன் | 2025 பிப்ரவரி 20

கிடை வர்றதுக்கு முன்னாடி எடு. 15 சென்டிமீட்டர் ஆழம், நாலு பாத்தியும் தனித்தனிப் பையி, உரம் வச்ச குழிய விட்டு நாலு எடத்துல எடுத்துக் கலக்கி, நிழல்ல ஒணத்து. ஓல்சன் முறையில பாக்கச் சொல்லி எழுதிக் கொடு, கூட இசியும் (உப்பு அளவு) துத்தநாகமும் கேளு. ஆடு படுத்து எழுந்த பிறகு எடுத்தீன்னா ரிசல்ட்டுல வர்றது மண்ணு இல்ல, புழுக்கை.